எந்த நானூறு?

மாரிமுத்து கீழே விழுந்தபோதும் கையிலிருந்த முடி வெட்டும் மெஷினை விடவில்லை. அதை நெஞ்சோடு அணைத்தபடி சரளைக்கல் மீது ஒருக்களித்துக் கிடந்தான். இடது காதிலிருந்து ரத்தம் கோடாக இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. பக்கத்தில் ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. சற்று முன்வரை அதில் உட்கார்ந்திருந்த ஜப்பானிய சார்ஜண்ட் ஒரு கையால் தன் தலையைத் தடவிக்கொண்டும், மறு கையை என் பக்கம் நீட்டியும் கத்திக்கொண்டிருந்தான்.

ஜப்பான்காரர்கள் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில், கோத்தா திங்கி சாலையில், எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு எதிர்ப்புறம் இருந்த அவர்களுடைய முகாமில் நடந்தது இது. உச்சி வெயில். மாரிமுத்து எங்கள் தோட்டத்தில் முடி வெட்டுபவன். என் வயதுக்காரன், என் நண்பன். நான் தோட்டப் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஜொகூர் பாருவில் பிறந்து வளர்ந்தவன். ஆசிரியர்களுக்கென்று அங்கே கட்டாயமாக நடத்திய ஜப்பானிய வகுப்பில் மூன்று மாதம் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பாவத்துக்காக என்னை மொழிபெயர்ப்பாளன் ஆக்கிவிட்டார்கள்.

சார்ஜண்ட் உட்கார்ந்ததும் ‘கோ பு’ என்று சொன்னான். ‘கோ’ என்றால் ஐந்து. அது எனக்குத் தெரியும்.

“அஞ்சுன்றாரு மாரி,” என்றேன்.

அதற்கு முன் வெட்டிக்கொண்ட சாதாரணச் சிப்பாய்களும் ஐந்து என்றுதான் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்கள் சொன்னது ‘கோ ரின்’. ஐந்து ரின் என்றால் ஓர் அரிசியின் தடிமன்கூட இருக்காது, ஏறக்குறைய மொட்டை. ஐந்து பு என்றால் அதைப்போல் பத்து மடங்கு, அரை அங்குலத்துக்கும் மேல். மேல்பதவிக்காரர்கள் அப்படி வைத்துக்கொள்வதைப் பெருமையாக நினைத்தார்கள். எனக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எண் காதில் விழுந்தது, எண்ணைச் சொன்னேன். மாரிமுத்து முந்தின தலைகளைப் போலவே இதையும் வழித்துவிட்டான்.

அடி எனக்கு விழவில்லை. மெஷின் யார் கையில் இருந்ததோ அவனுக்கு விழுந்தது.

இருவரும் திரும்பி நடந்தோம். தோட்டத்து வாசலுக்கு வந்ததும் மாரிமுத்து நின்றான்.

“அஞ்சுன்னு சொன்னீங்க வாத்தியாரே. எந்த அஞ்சுன்னு சொல்லலியே.”

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டான். அந்தக் காது அதற்குப் பிறகு அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

கிலோவுக்குப் பயந்த வாசகி

இந்தப் பத்திரிகையில் போன வாரக் கட்டுரையில் ஜப்பான் காலத்து ரேஷன் வரிசையைப் பற்றி எழுதியிருந்தேன். குளுவாங்கிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். இப்போது கடைகளில் எல்லாம் கிலோ என்று மாற்றிவிட்டார்களே, ஒரு காத்தி மீன் கேட்டால் கடைக்காரன் சிரிக்கிறானே, அந்தக் காலத்தில் நீங்கள் எல்லாம் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்கிறார்.

அந்தக் காலத்திலும் குழப்பத்துக்குக் குறைவில்லை அம்மா. சாலையோரத்துச் சீனர் கடையில் அரிசி கந்தாங்கில் அளப்பார்கள், கருவாடு காத்தியில், துணி கெஜத்தில், மண்ணெண்ணெய் போத்தலில். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் கொண்டுவரும் பாலுக்கு ராத்தல். வீட்டில் பெண்கள் உலை வைப்பது படியிலும் உழக்கிலும். தூரத்துக்குக் கட்டை. மைல்கல்லைத்தான் கட்டை என்போம். எங்கள் தோட்டம் கோத்தா திங்கியிலிருந்து பத்தாம் கட்டை. யாரும் மலைத்து நின்றதில்லை. எதை எதில் அளப்பது என்பது கைக்குத் தெரிந்திருந்தது.

முடிக்கும் அப்படித்தான். வெள்ளைக்காரத் தொரை இருந்தவரை அவர் மாரிமுத்துவிடம் ‘ஓர் அங்குலம்’ என்பார். தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஆட்கள் விரல்கடைக் கணக்குச் சொல்வார்கள். இப்போது லண்டனில் இருக்கிற என் தங்கை மகன் எழுதுகிறான், அங்கே ‘ரெண்டாம் நம்பர்’ என்றால் கால் அங்குலமாம். அவனே கப்பலில் ஜெர்மனிக்குப் போனபோது அதே ‘ரெண்டு’ என்று சொல்லி, இரண்டு மில்லிமீட்டருக்கு வழித்துவிட்டார்களாம். படம் அனுப்பியிருந்தான். வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜப்பான்காரர்கள் தங்களுடைய அளவுகளையும் கொண்டுவந்தார்கள். அரிசிக்கு வந்த அளவை வயிறு சீக்கிரமே கற்றுக்கொண்டது. கொடுப்பதை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். தூரத்தைக் கையில் கொட்டிப் பார்க்க முடியாது.

பெரட்டுக் களத்தில்

முகாமில் அடி விழுந்து சில மாதங்கள் இருக்கும். மழைக்காலம் முடிந்து இலை உதிரத் தொடங்கியிருந்தது. பால் வெட்டு நின்றுபோய், ஆட்கள் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டைக்குத் துணி இல்லாமல் பலர் சாக்கைக் கட்டியிருந்தார்கள்.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர் ராணுவக்காரர் அல்ல. வயதான சிவிலியன். ஜப்பான் தொரை என்போம். கத்த மாட்டார், யாரையும் அடித்ததில்லை. ஒருநாள் காலையில் எல்லோரையும் பெரட்டுக் களத்தில் நிற்க வைத்தார். வேலைக்குப் போகுமுன் ஆள் கணக்கு எடுக்கும் மைதானம் அது. வடக்கே ரயில் பாதை போட ஆள் வேண்டும், மூன்று மாத வேலை, அரிசி உண்டு, தாமாக வருகிறவர்கள் முன்னால் வரலாம் என்றார். நான் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

யாரும் அசையவில்லை.

பிறகு கூட்டத்திலிருந்து சின்னத்தம்பி குரல் கொடுத்தான். நல்ல உழைப்பாளி, வாய் கொஞ்சம் அதிகம்.

“எவ்ளோ தூரம்னு கேளுங்க வாத்தியாரே. ஒத்து வரலன்னா நடந்து வந்துரலாமா?”

சிரிப்பு எழுந்தது. தொரையிடம் தூரத்தைக் கேட்டேன். அவர் ஏமாற்றவில்லை. கண்ணை மேலே உயர்த்தி மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார். நானூறு ரிக்கு மேல் இருக்கும் என்றார்.

என் வகுப்புப் புத்தகத்தில் ‘ரி’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு மைல்கல் படம் போட்டிருந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

“நானூறு மைலுக்குக் கொஞ்சம் மேல,” என்று உரக்கச் சொன்னேன்.

கூட்டத்தில் ஒரு மூச்சு விட்ட சத்தம் கேட்டது. நானூறு மைல் என்றால் பினாங்கு, கெடா. நம் நாடு. வழியெல்லாம் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நம் ஆட்கள்.

“கெடாதானே? எங்க சித்தப்பா சுங்கைப் பட்டாணியில இருக்காரு,” என்று ஒருவன் முன்னால் வந்தான். அவன் பின்னால் இன்னொருவன். மத்தியானத்துக்குள் முப்பது பேருக்கு மேல் பெயர் கொடுத்துவிட்டார்கள். சின்னத்தம்பி கொடுத்தான். கூட்டத்தோடு ஒரு முடி வெட்டுபவனும் வரவேண்டும் என்றார்கள். மாரிமுத்துவுக்கு மறுக்க இடமில்லை. வீட்டில் அஞ்சலையும் இரண்டு வயதுப் பெண் குழந்தையும் இருந்தார்கள்.

யாரும் முன்வராமல் இருந்திருந்தால் பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள் என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். மற்ற தோட்டங்களில் அப்படித்தான் நடந்தது. இருக்கலாம். ஆனால் பிடிக்க வந்தால் காட்டுக்குள் ஓடியாவது பார்த்திருப்பார்கள். எங்கள் தோட்டத்தில் யாரும் ஓடவில்லை. என் பேச்சைக் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

பத்தாம் கட்டை

இரண்டு நாள் கழித்து உப்பு வாங்கிவரத் தொரை என்னைக் காரில் கோத்தா திங்கிக்கு அழைத்துப் போனார். பேச்சுத் துணைக்காகத்தான் அழைத்தார் என்று நினைக்கிறேன். அன்று நல்ல மனநிலையில் இருந்தார். தன் ஊரில் சிறுவயதில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ரி நடப்பாராம். பனியில் நடப்பது கஷ்டமாம். பிறகு வெளியே கையைக் காட்டி, தோட்டத்திலிருந்து இந்த ஊருக்கு நான்கு ரி, நடந்தே வந்துவிடலாம் என்றார்.

நான் முதலில் தலையாட்டினேன்.

அடுத்த வளைவில் ஒரு கட்டை கடந்து போனது. அதற்கடுத்து இன்னொன்று. பத்தாம் கட்டையில் இருக்கிறது எங்கள் தோட்டம். பத்து மைலை இவர் நான்கு என்கிறார். 

பள்ளிக்கூடத்தில் நான் சொல்லிக்கொடுக்கும் கணக்குதான். நான்குக்குப் பத்து என்றால் நானூறுக்கு எவ்வளவு? ஆயிரம். மலாயாவே அவ்வளவு நீளமில்லை. இன்றைய தாய்லாந்தான சயாமுக்குள் வெகுதூரம் போய்விடும்.

கார் ஆற்றோரமாக நின்றது. தொரை இறங்கி உப்புக்குப் போனார். நான் இறங்கவில்லை. 

புறப்பட இன்னும் மூன்று நாள் இருந்தது. ஒவ்வொரு லயமாகப் போய், ‘நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்’ என்று சொல்ல மூன்று நாள் தாராளம். சொன்னால் எல்லோரும் ஓடுவார்கள். யார் சொன்னது என்று விசாரிப்பார்கள். ஜொகூர் பாருவில் சந்தைக்கருகே கம்பில் குத்தி வைத்திருந்த தலைகளை நான் பார்த்தவன். அது ஒரு காரணம். ஆள் குறைந்தால் பட்டியலில் என் பெயர் ஏறும். அது இன்னொரு காரணம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு, அதை எழுதத்தான் கை கூசுகிறது. தோட்டத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன், எது சொன்னாலும் சரியாகச் சொல்கிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரை இழக்க மனமில்லை.

மூன்று நாளும் போய்விட்டன.

கடைசியாக என் தலை

புறப்படும் நாள் காலையில், போகிறவர்கள் எல்லோருக்கும் முடியை ஒட்ட வெட்டவேண்டும் என்று உத்தரவு. பேன் வரக்கூடாதாம். பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் உட்காரும் வாங்கு பலகையைப் போட்டு மாரிமுத்து வேலையை ஆரம்பித்தான். அத்தனை தலைகளும் ஐந்து ரின். எண்ணெய் இல்லாததால் மெஷின் பிடுங்கிப் பிடுங்கி இழுத்தது. ஆட்கள் ‘ஆ, ஆ’ என்று கத்தி ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். ஒரே அளவில் வெட்டி முடித்ததும் யார் யார் என்றே தெரியவில்லை. கீழே கறுப்பும் நரையுமாக முடி கணுக்கால் வரை குவிந்து கிடந்தது. பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி அழுதாள். இன்னொருத்தி அவளைத் திட்டினாள், நல்ல காரியத்துக்குப் போகும்போது என்ன அழுகை என்று.

என்னைப் போன்ற தோட்டத்துச் சம்பளக்காரர்களும் வெட்டிக்கொள்ள வேண்டும் என்றதால் கடைசியாக நான் உட்கார்ந்தேன். மற்றவர்கள் மூட்டை கட்டப் போய்விட்டார்கள். நாங்கள் இருவர் மட்டும்.

மாரிமுத்து என் தலையை முன்னால் அழுத்திப் பிடித்தான். பிடரியில் மெஷின் சில்லென்று பட்டது. இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினான்.

“வாத்தியாரே, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளு மாரி.”

“நானூறுன்னாரே தொரை. எந்த நானூறு?”

என் முகம் தரையைப் பார்த்திருந்தது. அவனால் அதைப் பார்க்க முடியாது.

“அன்னிக்கு அஞ்சுல இப்பிடித்தான் ஆச்சு. அதான் கேக்கறேன். ஒங்களக் குத்தம் சொல்லல. மைல்தானே? தெரிஞ்சா ஒரு தகிரியம். ஒத்து வரலன்னா பொடிநடையா வந்துருவேன். அஞ்சலைகிட்ட அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கேன்.”

கேட்காத காதால் பதில் தவறிவிடக்கூடாதே என்பதுபோல வலது காதை என் வாயருகே கொண்டுவந்தான். அவன் மூச்சு என் கன்னத்தில் பட்டது.

“மைல்தான்,” என்றேன்.

“அப்ப சரி.”

அவன் மீதித் தலையை வெட்டி முடித்தான். கழுத்தில் ஒட்டியிருந்த முடியைத் துண்டால் தட்டிவிட்டான். சாயங்காலத்துக்குள் லாரிகள் வந்து எல்லோரையும் ஜொகூர் பாரு ரயிலடிக்கு ஏற்றிப் போய்விட்டன.

சின்னத்தம்பி சொன்னது

ஜப்பான்காரர்கள் போய்ப் பல மாதம் கழித்து ஒரே ஒருவன் எங்கள் தோட்டத்துக்குத் திரும்பி வந்தான். சின்னத்தம்பி. வலது கணுக்காலுக்கு மேல் புண் ஆறாமல் எலும்பு தெரிந்தது. பள்ளிக்கூடத்து வாங்கு பலகையில் உட்கார வைத்துக் கட்டு மாற்றினேன். அவனாகவே பேசினான். பழைய வாய் இல்லை. மெதுவாகப் பேசினான்.

பாதி ஆட்கள் வாந்திபேதியில் போய்விட்டார்கள். மீதிப் பேரை வெவ்வேறு முகாமுக்குப் பிரித்தார்கள். மாரிமுத்துவும் இவனும் ஒரே முகாம். நோயாளிகளுக்குத் தலை வழிப்பது மாரிமுத்துவின் வேலை. பிணத்துக்கும் சில சமயம் வழித்தான். யாரும் சொல்லவில்லை, அவனாகச் செய்தான்.

“சயாம்னு அங்க போயித் தெரிஞ்சுச்சு வாத்தியாரே. ஆனா ரயிலு நின்னு நின்னு போச்சு, கதவையும் சாத்திட்டானுங்க. எவ்ளோ தூரம் வந்தோம்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க சொன்ன நானூறுதான் எங்களுக்குத் தெரிஞ்ச ஒரே கணக்கு. மாரி அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பான். ஒரு நாளைக்குப் பதினஞ்சு மைலு நடந்தா ஒரு மாசத்துல வீடுன்னு. சோத்துல பாதிய எடுத்துக் காய வச்சு சேத்தான். முப்பது நாளைக்குச் சரியா சேத்தான். அப்பறந்தான் கெளம்பினோம்.”

ரயில் பாதையை விட்டு விலகாமல், ஆனால் மரங்களுக்குள் மறைந்து தெற்கே நடந்திருக்கிறார்கள். முப்பது நாள் ஆயிற்று. காய்ந்த சோறு தீர்ந்தது. மலையும் வயலுமாக எல்லாம் சயாமாகவே இருந்தது. ஒரு சந்தையில் மலாய் பேசும் மீன்காரர் ஒருவரைப் பார்த்ததும் மாரிமுத்துவுக்கு உயிர் வந்ததாம். ஜொகூர் கிட்ட வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான். எவ்வளவு தூரம் என்று கேட்டான்.

“அந்த ஆளு மொதல்ல சிரிச்சான். அப்பறம் எங்கள மேலயும் கீழயும் பாத்துட்டு சிரிப்ப நிறுத்திட்டான். வந்த தூரத்தவிடப் போற தூரம் அதிகம்னான். மாரி இன்னொரு தடவ சொல்லச் சொன்னான். காது கேக்கலன்னு நெனச்சு நானும் சொன்னேன். அதோட உக்காந்துட்டான் வாத்தியாரே. எழுப்பிப் பாத்தேன். சாப்பிடக் குடுத்தாங்க, சாப்பிடல. காய்ச்சலும் இருந்துச்சு. மூணாம் நாளு போயிட்டான்.”

மீன்காரரின் ஆட்கள்தான் அடக்கம் செய்தார்கள். சின்னத்தம்பியைத் தங்கள் கிராமமான அந்தக் கம்பத்திலேயே சண்டை முடியும்வரை வைத்துக்கொண்டார்கள்.

நான் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். தேவைக்கு மேல் சுற்றிவிட்டேன் போலிருக்கிறது.

“போதும் வாத்தியாரே,” என்றான். பிறகு, “அந்தக் கெழட்டுத் தொரை எப்பிடிப் பொய் சொல்லிட்டான் பாத்தீங்களா?” என்றான்.

அந்தக் கிழவர் பொய் சொல்லவில்லை. கண்ணை மேலே உயர்த்திக் கணக்குப் போட்டு, உள்ளதைச் சொன்னார். சின்னத்தம்பியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். இது இரண்டாவது பொய்.

அஞ்சலை

ஜொகூர் பாருவுக்குப் போய் மாதா கோயில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன்.  அவர் ஜெபம் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. ‘இங்கே வந்து சொல்லி என்ன பிரயோசனம்? அந்த அம்மாவிடம் போய்ச் சொல்’ என்றார்.

அஞ்சலை போன ஆண்டு காலமாகிவிட்டார். அதனால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. அன்று அவருக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதிருக்கும். சின்னத்தம்பி அவரிடம் ஏற்கனவே எல்லாம் சொல்லியிருந்தான். லயத்து வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே சொன்னேன். பெரட்டுக் களத்தில் சொன்னது தெரியாமல் செய்த தப்பு. முடி வெட்டும்போது சொன்னது தெரிந்தே சொன்னது. இரண்டையும் பிரித்துச் சொன்னேன்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“அவரு கேட்டாரா?”

“கேட்டான்.”

“என்னா கேட்டாரு? அப்பிடியே சொல்லுங்க.”

சொன்னேன். பொடிநடையா வந்துருவேன் என்று அவன் சொன்னதையும் சொன்னேன். அவர் முகத்தில் அப்போதுதான் மாற்றம் தெரிந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் வெயிலில் நின்றேன். போகச் சொல்லவில்லை, அதனால் நின்றேன். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

“வேற யார்கிட்டயாச்சும் சொன்னீங்களா?”

“சாமியாரிடம் மட்டும்.”

“இனிமே யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

எனக்குப் புரியவில்லை.

“இந்த லயத்துல முப்பது பொம்பளைங்க இருக்காங்க. ஜப்பான்காரன் பொய் சொன்னான்னு நெனச்சு அழுதுட்டு கெடக்குறாங்க. அப்பிடியே இருக்கட்டும். நீங்க சொன்னதாலதான் போனாங்கன்னு தெரிஞ்சா, அவங்க புள்ளைங்கள யாருகிட்ட அனுப்புவாங்க? வேற பள்ளிக்கூடம் எங்க இருக்கு?”

“நான் வேண்டுமானால் இந்தத் தோட்டத்தை விட்டே போய்விடுகிறேன்.”

“போயிட்டா?” என்றார். முதல்முறையாகக் குரல் உயர்ந்தது. “போயிட்டா ஒங்களுக்கு நல்லாயிருக்கும். எங்களுக்கு?”

கத்தியை எடுத்து மறுபடியும் கிழங்கை உரிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை. அந்தக் கட்டளையை நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றினேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றுமில்லை. பேசாமல் இருப்பது எனக்கு எப்போதுமே சுலபமாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை காலை வகுப்பு ஆரம்பிக்கிற நேரத்தில் அஞ்சலை வாசலில் வந்து நின்றார். மகளின் தலையில் எண்ணெய் வழியத் தடவி இரண்டு சடை போட்டிருந்தார். குழந்தையை என் பக்கம் லேசாகத் தள்ளிவிட்டார்.

“பேரு செல்வி. இன்னும் எண்ணத் தெரியாது,” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.